நாடு கடத்தல்

நாடு கடத்தல் என்பது ஒரு நாட்டில் தங்கியிருக்க உரிமை அற்றவர் எனக் கருதப்படும் ஒருவரை அந்நாட்டு அரசு சட்டத்தின் வழி வெளியேற்றுவதைக் குறிக்கும். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் வினைச்சொல் *டிப்போர்ட்* ஆகும்.

சொற்பிறப்பு

இச்சொல் *டெபோர்த்தாரே* என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. *டெ* என்பது அப்பால் என்றும், *போர்த்தாரே* என்பது சுமந்து செல்லுதல் என்றும் பொருள்படும். இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டர் ஆகியனவும் இவ்வேரிலிருந்து பிறந்தவையே. ஆங்கிலத்தில் இது வெளியேற்றுதல் என்ற பொருளைப் பெற்றது 17ஆம் நூற்றாண்டில் ஆகும்.

உரோமைச் சட்டத்தில் இத்தண்டனை பெற்றோர் பெரும்பாலும் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். குடியுரிமையையும் உடைமைகளையும் இழந்தனர்.

தமிழில் *கடத்து* என்பது *கட* என்னும் வினையின் பிறவினை. கடக்கச் செய்தல் என்பது அதன் பொருள்.

தொடர்புடைய சொல்

*ரீபேட்ரியேட்* என்னும் வினை ஒருவரை அவருடைய சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புதலைக் குறிக்கும். இது தந்தையர் நாடு எனப் பொருள்படும் *பாத்ரியா* என்ற இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது. தமிழில் இது *தாயகம் திரும்புதல்* எனப்படுகிறது.

இலங்கையிலிருந்து நீலகிரிக்கு

இவ்விரு சொற்களுக்கும் இடையிலான எல்லை எப்போதும் தெளிவானதன்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன.

இவ்வாறு வந்தோருக்கு வேலை அளிக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அது 1976இல் *தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்* (டேன்டீ) ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் பலர் குடியேறினர்.

இவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். எனினும் அரசு ஆவணங்கள் இவர்களைத் *தாயகம் திரும்பியோர்* என்றே குறித்தன. உரோமையில் வெளியேற்றத்தோடு குடியுரிமை பறிபோனது. இவர்களுக்கோ குடியுரிமை முதலில் மறுக்கப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின்னரே பயணம் நேர்ந்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.