சகோதரியர் இருவரும் சீன மரபும்

சீனத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகள் பலருள் இருவர் எழுத்தாளராயினர். மூத்தவராகிய ஈடித் ஈற்றன் 1865 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மக்கிள்ஸ்பீல்ட் நகரிற் பிறந்தவர். இளையவராகிய வினிபிரட், குடும்பம் கனடாவிற் குடியேறியபின் 1875 இல் மொன்றியலிற் பிறந்தவர். இவர்களின் முகத்தைக்கொண்டு சீன வழியினரெனக் காண்பது எளிதன்று. ஈடித் அறிந்த சீனமோ பெரும்பாலும் நூல்களில் வாசித்தறிந்த சீனமே. தாய்மொழியில் அவருக்குச் சில சொற்களே தெரியும்.

அக்காலம் சீனருக்குப் பொல்லாத காலம். ஐக்கிய அமெரிக்கா 1882 இற் சட்டமியற்றிச் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. கனடா 1885 இல் நாட்டினுட் புகும் சீனருக்குத் தலைக்கு 50 டொலர் வரி விதித்து, 1903 இல் அதனை 500 டொலராக்கியது. யப்பானின்மீதோ மேனாட்டு வாசகருக்கு அந்நாளிற் பெருமோகம் இருந்தது.

இதனை நன்குணர்ந்தவர் வினிபிரட். யப்பானைக் கண்டறியாத அவர், தம்மை யப்பானியப் பெண்ணின் மகளெனக் காட்டிக்கொண்டு, 'ஒனோற்றோ வற்றன்னா' என்னும் புனைபெயரிற் காதற்கதைகளை எழுதினார். 1901 இல் வெளிவந்த அவரது நாவலொன்று இரண்டாண்டுகளில் நியூயோர்க் நாடக மேடை ஏறிற்று. அவரைப் பழித்தல் எளிது. பிள்ளைகள் மலிந்த வறிய வீட்டிலிருந்து வந்து பேனாவினாற் பிழைக்கவேண்டியிருந்தவர் அவர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

ஈடித் வேறுவழி சென்றார். சீனர் புத்தாண்டுக் காலத்தில் நீரில் வளர்த்துப் பூக்கச்செய்யும் வெண்மலரின் பெயரைத் தாங்கி, 'சுயி சின் பார்' என எழுதினார். 1909 இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரை ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. அமெரிக்கச் சிற்றூரொன்றில் அவர் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த காலம். உணவு மேசையிற் சீனரைப்பற்றிப் பேச்செழ, சீனரும் தம்மைப்போன்ற மனிதரே என்பதைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்றார் அவருடைய மேலாளர். ஈடித் முதலில் மௌனமாயிருந்தார். பேசினால் அவ்வூரில் வாழ்வது கடினமாகும். எனினும், தலைநிமிர்ந்து, தாம் ஒரு சீனப்பெண் என்று அறிவித்தார்.

அவருடைய கதைகளின் வேர் இதுவே. 1912 இற் சிகாகோவில் வெளிவந்த அவரது தொகுதியிற் சில கதைகள் அக்கால வழக்கப்படி கண்ணீர் மிகுந்தவை. ஆயினும் 'சுதந்திர நாட்டில்' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதை நெஞ்சை விட்டகலாது. சீனாவிலிருந்து குழந்தையுடன் சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கும் தாயிடமிருந்து, குழந்தைக்குப் பத்திரம் இல்லையென அதிகாரிகள் அதனைப் பிரித்துக்கொள்கின்றனர். அவள் தன் நகைகளையும் வழக்கறிஞருக்குக் கொடுக்கிறாள். பத்து மாதங்களின்பின் அனுமதி கிடைக்கின்றது. மிஷன் இல்லத்திற் குழந்தையோ வெள்ளைக்காரப் பெண்ணின் பாவாடையிற் பதுங்கிப் பெற்றவளை அப்பாற் போகச் சொல்கின்றது. அத்துடன் கதை முடிகின்றது.

ஈடித் 1914 இல் மொன்றியலிற் காலமானார். வினிபிரட் 1954 வரை வாழ்ந்தார். மவுண்ட் றோயல் மயானத்தில் மூத்தவருக்குச் சீன மக்கள் கல்லொன்று நாட்டி, சீனத்தை மறவாத அறத்தினர் என்னும் பொருள்பட நான்கு சீன எழுத்துக்களை அதிற் பொறித்தனர். அவ்வெழுத்துக்களை அவர்தாமும் வாசித்திருப்பாரோ என்பது ஐயமே.