நயா பைசாவும் சென்டிமீட்டரும்

3 மீட்டர் 5 சென்டிமீட்டரை மீட்டரில் எழுதச் சொன்னால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் 3.5 என்று எழுதுவார்கள். சென்டிமீட்டரில் கேட்டால் 35 என்பார்கள். 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்று தடங்கலின்றி ஒப்பிக்கிற பிள்ளையும் இங்கே சறுக்கும். வாய்ப்பாடு தெரியாததல்ல சிக்கல், நடுவில் வரவேண்டிய பூச்சியம் எதற்கு என்று தெரியாததுதான். அந்தப் பூச்சியத்தை முன்பு கடைத்தெரு கற்றுக்கொடுத்தது, இப்போது கற்றுக்கொடுப்பதில்லை. நீள அளவுப் பாடத்தின் இன்றைய தடுமாற்றத்துக்கு அதுவே முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

சுதந்திரத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள் பள்ளிக் கணக்கு 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், 220 கெஜம் ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல் என்றே ஓடியது. மைலை அங்குலமாக்க 63,360-ஆல் பெருக்க வேண்டும். காசிலும் அதே கூத்து: 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். நாணயச் சட்டம் 1955-ல் திருத்தப்பட்டது, எடை அளவுச் சட்டம் 1956-ல் வந்தது. ஆனால் ஜனங்கள் கைக்கு முதலில் வந்தது காசுதான். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. கிலோவும் மீட்டரும் அதன் பின்னால் படிப்படியாக வந்து 1962-ல் கட்டாயமாயின. இந்த வரிசை பள்ளிக்கூடத்துக்குப் பெரிய உபகாரம். இன்றைய தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில், அந்தக் காலத்தில் மளிகைக் கடைக்குப் போய்வந்த பிள்ளைக்கு 3 ரூபாய் 5 பைசா என்றால் 305 பைசா என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 3.05-ஐ 3.50 என்று எழுதினால் 45 பைசா கணக்கில் இடிக்கும், வீட்டில் கேள்வி வரும். மீட்டர் வகுப்புக்குள் நுழைந்தபோது நூறில் ஒரு பங்கை எழுதும் பழக்கம் தயாராக இருந்தது.

அந்தப் பழக்கம் இப்போது போய்விட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி செல்லும், கடைக்காரர்தான் வாங்க மாட்டார். பாடப்புத்தகத்துப் பைசா இன்றைய பிள்ளைக்கு வெறும் எழுத்து. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: குழப்பமெல்லாம் நம் ஊரில் பழைய அளவைகள் ஒழியாததால்தான் என்பார்கள். உண்மைதான், கட்டடக் கம்பியை எம்.எம்.மில் வாங்குகிறோம், குழாயை அங்குலத்தில், சுவரை அடியில், பூவை முழத்தில். ஆனால் 3.5 என்று எழுதும் பிள்ளை அடியையோ முழத்தையோ நினைத்து எழுதவில்லை. அது மீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் இடையிலேயே தவறுகிறது.

சொல்லப்போனால் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைக்குப் பழைய அளவை ஒன்றே கைகொடுக்கும். 1792-ல் பென்னாகரம் உள்ளிட்ட பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்ததும், கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இந்தப் பகுதியில் வயல் வயலாக நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். ஆங்கிலேயர் நில அளவையில் வேரூன்றிய ஏக்கர் இன்றும் நம் பேச்சில் இருக்கிறது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருந்தாலும் வாய் ஏக்கர், சென்ட் என்றே சொல்லும். 100 சென்ட் ஓர் ஏக்கர். 1 ஏக்கர் 5 சென்ட் என்பது 105 சென்ட், அதை 1.5 ஏக்கர் என்று எழுதினால் 45 சென்ட் நிலம் எங்கிருந்தோ முளைத்துவிடும். விவசாய வீட்டுப் பிள்ளை அதைச் சும்மா விடாது. பைசா விட்டுப்போன இடத்தில் சென்டை உட்கார வைக்கலாம்.

ஏக்கர் பரப்பளவு, மீட்டர் நீளம், இரண்டையும் கலந்தால் பிள்ளை இன்னும் குழம்பாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மீட்டரில் 100 சென்டிமீட்டர், ஆனால் ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். ஆகவே நிலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நூறில் ஒரு பங்கை எழுதும் முறையை மட்டுமே. பரப்புக் கணக்கை அந்த வகுப்பில் தொடக்கூடாது. கிலோ, ஹெக்டோ, டெக்கா என்று ஏணிப்படி வரைந்து புள்ளியை நகர்த்தச் சொல்வதைவிட இது மேல். எந்தத் துணிக்கடையிலும் டெக்காமீட்டர் கிடையாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 3 மீட்டர் 5 சென்டிமீட்டரைக் கரும்பலகையில் எழுதும் முன், 1 ஏக்கர் 5 சென்ட் மொத்தம் எத்தனை சென்ட் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.