தவறணையின் மரபுரிமை: சில வரலாற்றுக் குறிப்புகள்

பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக வரும் நெடுவீதி, மட்டக்களப்பு – திருகோணமலை வீதியைச் சந்திக்கும் இடம் செங்கலடி. மலையகத் தேயிலைத் தோட்டங்களையும் வாவிக்கரை வயல்களையும் இணைக்கும் இத்தகைய வீதிகளின் வரலாறு, அவற்றின் ஓரத்திலே உழைப்பாளர் கூடிக் கலைந்த இடங்களின் வரலாறுமாகும். ஆயின் மரபுரிமை பற்றிப் பேசுமிடத்துக் கோயிலும் கோட்டையும் அரண்மனையுமே நமது நினைவுக்கு வருகின்றன. தவறணையை யாரும் எண்ணுவதில்லை.

அவுஸ்திரேலியாவின் தொலைதூரச் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லில் நிலைமை சற்று வேறானது. அங்கே 1889ஆம் ஆண்டு மதுவிலக்கு இயக்கத்தார் கோப்பி மாளிகையாகக் கட்டிய பலஸ் விடுதி, இலாபமின்மையால் 1892இல் மதுபான உரிமம் பெற்றது. இன்று அது பேணப்படும் மரபுரிமைக் கட்டடமாகும். அதே 1892இலும் பின்னர் 1919–20இலும் அந்நகரச் சுரங்கத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினர். இப்போராட்டங்களை மறந்து கட்டடத்தை மட்டும் போற்றின், மரபுரிமை வெறும் காட்சிப் பொருளாகிவிடும். இலங்கைத் தவறணையையும் அதனை உருவாக்கிய சமூக உறவுகளோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மது தமிழருக்குப் புதியதன்று. சங்கச் செய்யுள்களில் கள்ளும் தேறலும் நறவும் பரக்கப் பேசப்படுகின்றன. அதியமான் கள்ளைத் தன்னுடன் பகிர்ந்துண்டதை ஔவையார் அவன் மறைவின்பின் நினைவுகூர்கிறார். பட்டினப்பாலை காட்டும் துறைமுக நகரிலோ கள் விற்குமிடங்களிற் கொடிகள் பறந்தன. பகிர்வுப் பொருள் அங்கே விற்பனைப் பொருளாகிவிட்டது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. எனினும், ‘தவறணை’ என்னும் சொல் இப்பழைய மரபுக்குரியதன்று. மேசை, கதிரை, கோப்பை, பீப்பா என்பன போன்று அதுவும் போர்த்துக்கேயர் வழி வந்தது.

சொல்லைப் போர்த்துக்கேயர் தந்தனர். குத்தகை முறையை ஒல்லாந்தர் கையாண்டனர். அதனைப் பேரளவிலான வருவாய்த் துறையாக வளர்த்தவர் பிரித்தானியர். ஒரு பிரதேசத்திற் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். கூடிய தொகை கேட்டவர் அதனைப் பெற்றுத் தவறணைகளைக் கீழ்க்குத்தகைக்கு விடுவார். அரசுக்கு வருவாய் உறுதி, குத்தகையாளருக்கு இலாபம். இவ்விரண்டையும் ஈற்றிற் செலுத்தியவர்கள் குடித்த உழைப்பாளரும், குறைந்த கூலியோடு அடுப்பெரித்த அவர்தம் வீட்டுப் பெண்களுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களும் வீதிகளும் பெருகியபோது வண்டிக்காரரும் கூலியாட்களும் பெருகினர், தவறணைகளும் பெருகின.

சுதேச முதலாளி வர்க்கத்தின் தோற்றம் இங்குதான் துலங்குகிறது. சாராயக் குத்தகையே இவ்வர்க்கத்தின் தொடக்ககால மூலதனத் திரட்சிக்கு முதன்மையான ஊற்றாக விளங்கியதெனக் குமாரி ஜயவர்த்தன தமது ஆய்விலே விளக்கியுள்ளார். மொறட்டுவையைச் சேர்ந்த டி சொய்சா குடும்பம் கண்டிப் பகுதியிற் சாராயக் குத்தகை மூலம் திரட்டிய செல்வத்தைத் தோட்டங்களில் முதலிட்டது. அக்குடும்பத்தவரான சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா, 1870இல் இங்கு வந்த எடின்பரோக் கோமகனுக்குப் பொற்கலங்களில் விருந்து படைத்தார். காரீயச் சுரங்கத் தொழிலால் உயர்ந்த டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கவும் சாராயக் குத்தகையில் முதலீடு செய்தவரே. சுரங்கமும் தவறணையும் இவ்வாறு ஒரே மூலதனத்தில் இணைந்தன.

அவருடைய மைந்தர்களான எப். ஆர். சேனநாயக்கவும் டி. எஸ். சேனநாயக்கவும் மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியில் நின்றமை மனங்கொள்ளத்தக்க முரண்பாடாகும். 1904இல் எழுச்சியுற்ற அவ்வியக்கம், 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை அடுத்துக் கள்ளுத் தவறணைகள் பெருமளவிற் திறக்கப்பட்டதும் மீண்டும் வலுப்பெற்றது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையடுத்து அதன் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். குடியேற்ற ஆட்சிக்கு எதிரான அணிதிரட்டல் என்ற வகையில் அதன் முற்போக்கான பங்கை மறுத்தலாகாது. எனினும், குடிப்பவனின் ஒழுக்கத்தைப் பற்றி மிகுதியாகப் பேசிய அவ்வியக்கம், குடியினால் திரண்ட மூலதனத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

தமிழ்ப் பகுதிகளில் இதற்குச் சாதியப் பரிமாணமும் உண்டு. யாழ்ப்பாணத்திற் கள்ளை இறக்கியவனின் முற்றத்திலே பிளாவை ஏந்தியிருந்த உயர்சாதியினர், அவனுக்குத் தமது கிணற்றையும் கோயிலையும் மறுத்தனர். தேநீர்க்கடைகளில் அவனுக்குச் சமமான இருக்கையும் குவளையும் கிடைக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் இவ்வொழுங்கிற்கு எதிரானதே. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அக்கால வாழ்வின் இலக்கியச் சான்றாகும். 1970களில் சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தமது உற்பத்தியைத் தாமே விற்க முற்பட்டமை, தவறணையின் வரலாற்றில் ஒரு திருப்பமெனலாம்.

எனவே, தவறணையை இலட்சியப்படுத்துவதோ ஒழுக்கக்கேட்டின் சின்னமாக ஒதுக்குவதோ நமது பணியன்று. உழைப்பவன் சுரண்டப்பட்ட இடமும் அதுவே. நாள் முடிவில் அவன் தன் தோழனோடு கூலியையும் குறையையும் பேசிய இடமும் அதுவே. மதுவரி இன்றும் அரச வருவாயின் முக்கிய ஊற்றாக இருப்பதால் இது பழங்கதையுமன்று. குத்தகைப் பதிவேடுகள் ஆட்சியாளரின் கணக்கையே கூறும். மறுபக்கக் கணக்கு, மரமேறியவர்களதும் தோட்டங்களில் உழைத்தவர்களதும் அவர்தம் மனைவியரதும் நினைவுகளில் உள்ளது. செங்கலடிக்கு அருகே வந்தாறுமூலையில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அந்நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் தொகுக்க முன்வருதல் வேண்டும். முதியோர் மறைந்தபின் அக்கணக்கை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடிப் பெறவியலாது.