கேள்வி நேரம் – 7: எல்.ஐ.சி. பணமும் டி.டி.கே.யின் பதிலும்

1893 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயர் காலச் சட்டசபையில் பிங்கா மகாராஜா எழுப்பிய கேள்வியைச் சென்ற வாரம் பார்த்தோம். முகாம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்துக் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் நொடிந்துபோவதைப் பற்றிய கேள்வி அது. அன்றைக்குக் கேட்கத்தான் முடியும்; வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு மறுகேள்வி போட முடியாது. கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909 சீர்திருத்தத்தில் வந்தது. எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்பது 1919-க்குப் பிறகு. அந்தத் துணைக் கேள்விக்கு என்ன வலிமை உண்டு என்பதைச் சுதந்திர இந்தியா 1957-ல் பார்த்தது. பதில் சொல்ல எழுந்து நின்றவர் சென்னைக்காரர்: நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

கதை அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்குகிறது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் ஒரு நீண்ட உரை ஆற்றினார். டால்மியா குழுமம் தன் கையிலிருந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தை எப்படிச் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிவிட்டது என்று கணக்கோடு விளக்கினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. தனியார் கையில் இருந்தால் பணம் பறிபோகும், அரசு கையில் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்பதுதான் மக்களுக்குத் தரப்பட்ட வாக்கு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிரீமியம் கட்டிய குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் அதை நம்பினார்கள்.

ஒரு வருடம்கூட முழுதாக முடியவில்லை. 1957 ஜூன் கடைசியில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். அந்தக் காலத்து ஒன்றேகால் கோடி! முந்த்ரா பங்குச் சந்தையில் சூதாடிக் கழுத்துவரை கடனில் மூழ்கியிருந்தவர். எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. அதைக் கலந்து பேசவே இல்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள்.

செய்தி மெல்லக் கசிந்தது. செப்டம்பர் 4-ல் ராம் சுபக் சிங் மக்களவையில் கேள்வி கேட்டார். அரசின் பதில் யாருக்கும் திருப்தி தரவில்லை. சாதாரணமாக விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நவம்பர் 29-ல் மீண்டும் கேள்வி வந்தது. இந்த முறை பெரோஸ் காந்தியும் துணைக் கேள்விகளோடு தயாராக இருந்தார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸின் ரேபரேலி எம்.பி.; பிரதமர் நேருவின் மருமகன். தன் கட்சி மந்திரியைத் தன் மாமனார் முன்னிலையில் எழுந்து நின்று கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எதிர்க்கட்சிக்காரர் கேட்டிருந்தால் அரசியல் என்று தள்ளியிருப்பார்கள். இவரை அப்படித் தள்ள முடியவில்லை. டிசம்பர் 16 விவாதத்தில் அவர் ஆதாரங்களை அடுக்கியபோது அவை திகைத்துப்போனது. டி.டி.கே. விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். விசாரணை முழுவதையும் பகிரங்கமாக நடத்தினார் அவர். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்கும்படி வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். மத்திய மந்திரியும், அரசின் மிகப் பெரிய அதிகாரிகளும் வாக்குமூலம் கொடுப்பதைச் சாதாரண ஜனங்கள் காதால் கேட்டார்கள். அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார் நிதித்துறைச் செயலர் எச்.எம்.பட்டேல். நான் அனுமதி தரவில்லை என்றார் டி.டி.கே. யார் சொன்னது நிஜம் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் சாக்ளாவின் தீர்ப்பு அந்த வாதத்துக்கு மேலே போய் நின்றது. செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு. எனக்குத் தெரியாது என்று கைகழுவ முடியாது. 1958 பிப்ரவரி 10-ல் அறிக்கை வந்தது. அதே மாதம் டி.டி.கே. பதவி விலகினார். அந்த ஆண்டு பட்ஜெட்டை நேருவே தாக்கல் செய்ய நேர்ந்தது.

டி.டி.கே.யைத் திறமை குறைந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். பின்னாளில் மீண்டும் நிதியமைச்சராகவும் வந்தார். அந்த விலகலால் அவர் மதிப்பு குறைந்ததாக நான் நினைக்கவில்லை. அன்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அடுத்து வந்த மந்திரிகள் எல்லோருக்கும் அது வசதியான முன்னுதாரணமாகியிருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி அச்சிட்டதற்காகப் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை 1956-ல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து சட்டமாக்கியவரும் இதே பெரோஸ் காந்திதான். முந்த்ரா விவகாரத்தைப் பத்திரிகைகள் தயக்கமில்லாமல் எழுத அது துணை நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தில், அவர் மனைவி இந்திராவின் ஆட்சியில், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1977-ல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

இன்று மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறுகின்றன. அமைச்சர் நேரில் வாயால் பதில் சொல்ல வேண்டியவை அவை. துணைக் கேள்விக்கு இடம் தருபவையும் அவைதான். அமளியில் பல நாள் ஐந்தாறு கேள்விகூடத் தாண்டுவதில்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டார்கள். எழுத்துபூர்வமான பதில்கள் மட்டும் வந்தன. அந்தப் பதில்களை மடக்கிக் கேட்க ஆள் இல்லை.

ரயில், ரேஷன், தபால், மருத்துவமனை என்று நம் அன்றாடப் பாடுகள் எல்லாவற்றுக்கும் அங்கே கேள்விகள் போகின்றன. பதில்கள் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. உங்கள் தொகுதி எம்.பி. இந்தக் கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஏன் கேட்கவில்லை என்று அவரைக் கேளுங்கள்.