சுண்ணாம்புத் தெளிநீரும் பவளத் தொட்டியும்

எங்கள் அனந்தபுரத்துத் திண்ணைகளில் வெற்றிலை போடும் கிழவிகளுக்குச் சுண்ணாம்பின் இரு குணங்களும் தெரியும். அளவோடு தடவினால் வாய் சிவக்கும், மிஞ்சினால் வெந்துவிடும். இந்தப் பழைய அறிவுக்கு 1909இல் ஓர் எண் கிடைத்தது. கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்திலிருந்த சோரன்சென், அமிலத்தையும் காரத்தையும் ஒரே கோலால் அளக்கும் பி.எச். அளவை வகுத்தார். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

அந்தக் கோலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருப்பவர்கள், கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள். பவள உயிர்கள் கடல்நீரின் சுண்ணத்தை எடுத்தே கூடு கட்டுகின்றன. மூடிய தொட்டியில் அது விரைவில் குறைந்துவிடும். ஈடுசெய்யும் வழிகளில் ஒன்று சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மானியர் 'கால்க்வாசர்' என்பர், பொருள் அதுவேதான்.

மற்றொன்று கால்சியம் ரியாக்டர். ஒரு குழாயில் பவளக் கல் துண்டுகளை நிரப்பித் தொட்டி நீரை மெல்லச் செலுத்தி, கரியமில வாயுவைக் குமிழிகளாக விடுவார்கள். உள்ளே பி.எச். 6.5 அளவுக்கு இறங்கும்போது கல் கரைகிறது. ஆனால் வெளிவரும் நீரோடு மிச்சமிருக்கும் வாயுவும் தொட்டிக்கு வருகிறது. 8.2ஐ ஒட்டி இருக்கவேண்டிய நீர் எட்டுக்கும் கீழே சரிகிறது. பாசிகள் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் இரவில் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு மாற்று உண்டு. வாயு செலுத்தாத இரண்டாவது குழாயில் அந்நீரைப் பவளக் கல்லின்மீது மீண்டும் ஓடவிட்டால், மிச்ச வாயு அங்கே செலவாகும். சன்னலைத் திறந்து நீரைக் காற்றோடு கலக்கலாம். எல்லாவற்றையும்விட அழகானது, இரவில் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. பி.எச். பன்னிரண்டைத் தாண்டும் அது, மிஞ்சிய கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. மொத்தமாக ஊற்றினால் மட்டும் கிழவிகள் சொன்னதே நடக்கும்.

தொட்டியில் இவ்வளவு பக்குவம் காட்டும் மனிதன்தான் கடலில் வேறுவிதமாக நடந்துகொண்டான். மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி, கட்டடங்களுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் அனுப்பினோம். 1986இல் இருபத்தொரு தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. ஆயினும் அத்தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பாறைகளை வெட்டியது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

வெட்டுவது நின்றாலும் வாயு நிற்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையில் ஒரு பங்கைக் கடல் குடிக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்பில் சராசரி பி.எச். 8.2இலிருந்து ஏறத்தாழ 8.1ஆகக் குறைந்திருக்கிறது. சிறு எண்தான், ஆனால் இது மடக்கை அளவு என்பதால், அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியதாகப் பொருள். பவளம் கூடு கட்டுவது அந்த அளவுக்குக் கடினமாகிறது.

தொட்டி வைத்திருப்பவர் மீட்டரைப் பார்த்து வாயுக் குழாயின் திருகை இறுக்கிவிடுவார். கடலுக்கும் அப்படியொரு திருகு உண்டு. அது கரையில், நம் உலைகளில் இருக்கிறது.