எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தலாமா?

எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவனைப் பற்றி நம் முன்னோர் பழமொழியொன்று வழங்கினர். சிறு கேட்டினைப் போக்கப் பெருஞ்செல்வத்தை இழப்பவனின் பேதைமையை அது சுட்டுகிறது. பழுதுற்ற கணினியைச் சீர்செய்ய மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு, இப்பழமொழிக்கு ஒரு விளக்கவுரையாகவே அமைந்துள்ளது.

கணினியின் உறுப்புகளை ஆண்டு, நாம் எழுதும் கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். அது கெட்டால் மற்றொரு படியைப் பெற்று நிறுவிக்கொள்ளலாம். ஆனால், ஆசிரியர் ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த பாடக்குறிப்புகளுக்கோ, மறைந்த அன்னையின் நிழற்படத்திற்கோ வேறு படி கிடைப்பது அரிது. இவ்வேறுபாட்டை உணர்வதே சீர்செய்தலின் முதற்பாடம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன் யூனிக்ஸ் எனும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார். கணினி திடீரென நின்றுவிட்டால், வட்டிலுள்ள கோப்பு அட்டவணை குழம்பிப்போவதுண்டு. அதனைச் சரிபார்த்துத் திருத்த, 1970களின் பிற்பகுதியில் அதே ஆய்வுக்கூடத்தில் டெட் கோவால்ஸ்கி 'எஃப்எஸ்சிகே' என்னும் நிரலை எழுதினார். பெயரிழந்து அநாதையாய் நின்ற கோப்புகளை அது குப்பையென்று எறிந்துவிடவில்லை. 'தொலைந்து கிடைத்தவை' எனப் பொருள்படும் தனி அடைவில் அவற்றைச் சேர்த்து வைத்தது. ஐயமுற்றால் அழிக்காதே என்னும் அறம் அங்கே வேரூன்றிற்று.

1981இல் ஐபிஎம் நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை அழித்தால், அட்டவணையில் அதன் பெயரின் முதலெழுத்து மாற்றப்பட்டு, அது இருந்த இடம் வெற்றிடமாகக் குறிக்கப்பட்டது. எழுதிய செய்தியோ, வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை வட்டிலேயே கிடந்தது. இந்நுட்பத்தைப் பயன்படுத்திய பீட்டர் நார்ட்டன், அழிந்த கோப்பை மீட்கும் கருவியை 1982இல் வெளியிட்டார். இழந்தபின் அவ்வட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், விற்பனையாளர் பலர் கணினியோடு வழங்கிய மீட்பு வட்டுகள் நெடுங்காலம் வீட்டைக் கொளுத்தும் வேலையையே செய்தன. அவை இயங்குதளத்தைப் புதுப்பித்தன; உரியவரின் கோப்புகளையும் உடன் துடைத்தன. 2012இல் வந்த விண்டோஸ் 8, சொந்தக் கோப்புகளை விட்டுவைத்து இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதியைத் தந்தது. எனினும், பயனர் தாமே நிறுவிய பழைய வகை மென்பொருள்கள் அதில் நீங்கின. 2015இல் வந்த விண்டோஸ் 10, 'கோப்புகளை வைத்துக்கொள்', 'அனைத்தையும் நீக்கு' என இரு வழிகளை முன்வைத்தது.

இவ்வசதிகளை நம்பி வாளாவிருத்தல் தகாது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்பாடு ஒன்று, கோப்புறைகளை வேறிடத்திற்கு மாற்றியிருந்த சிலரின் பழைய கோப்புறையை, உள்ளே கோப்புகள் இருந்தும், தேவையற்றதெனக் கொண்டு நீக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதனைச் சில நாள்களில் நிறுத்தி வைத்தது.

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பினால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 இலட்சம் கணினிகள் முடங்கின. அவற்றைப் பாதுகாப்பு முறையில் இயக்கி, அவ்வொரு கோப்பை நீக்கியதே தீர்வாயிற்று. அங்கே எலி மட்டுமே வெளியேற்றப்பட்டது, வீடு நின்றது.

இவ்வரலாறு உணர்த்தும் ஒழுங்கு தெளிவானது. கணினி கெட்டதும் பதறாமல், முதலில் வேறொரு வட்டிலிருந்து அதனை இயக்கிக் கோப்புகளைப் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, மிகச் சிறிய திருத்தத்தில் தொடங்க வேண்டும். முழுதும் துடைத்து நிறுவுதல் இறுதி வழியே. இவை யாவினும் சிறந்தது, கேடு வருமுன்னரே படியெடுத்து வேறிடத்தில் காத்தலாகும். இயங்குதளத்தை நிறுவனம் மீண்டும் தரும். நாம் எழுதியதை நாமே காத்தல் வேண்டும். இப்பழக்கத்தை மாணவர் உள்ளத்தில் இளமையிலேயே பதித்தல் ஆசிரியர் கடனன்றோ!