வேதமும் ஆட்சியும்: அமெரிக்க வரலாற்றின் சில பக்கங்கள்

2021 ஜனவரி 6ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திற்குள் ஒரு பெருங்கூட்டம் வன்முறையாகப் புகுந்தது. அக்கூட்டத்தில் சிலர் சிலுவை ஏந்தியிருந்தார்கள். சிலர் இயேசுவின் பெயர் பொறித்த கொடிகளை அசைத்தார்கள். செனட் அவையின் மேடையை அடைந்தவர்கள் அங்கேயே நின்று, இந்த வாய்ப்பைத் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறிப் பிரார்த்தித்தார்கள். அமெரிக்கா கிறிஸ்தவர்களுக்காக, கிறிஸ்தவர்களால் நிறுவப்பட்ட நாடு. ஆகவே அதன் சட்டமும் ஆட்சியும் கிறிஸ்தவத்துக்கே உரியவை என்பது அவர்களுடைய வாதம். கிறிஸ்தவ தேசியவாதம் என்று இன்று அழைக்கப்படுவது இதுவே. அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் அனைவரும் இதை ஏற்பவர்கள் அல்லர். இதைக் கடுமையாக எதிர்ப்பவர்களுள் பலர் தேவாலயம் தவறாதவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அந்நாடு உண்மையில் எவ்வாறு நிறுவப்பட்டது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், வியப்பூட்டும் செய்திகள் பல கிடைக்கின்றன. அவற்றுள் சில முஸ்லிம்களாகிய நம்மை நேரடியாகத் தொடுபவை.

இங்கிலாந்தில் தங்கள் விருப்பப்படி வழிபட இயலாமல் கடல் கடந்து வந்த பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸில் குடியேறியதும் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, தங்களைப் போல வழிபடாதவர்களைத் தண்டித்தது. ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரை 1635இல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். கடுங்குளிர் காலத்தில் தப்பிச் சென்ற அவருக்கு இடமளித்தவர்கள் நாரகான்செட் என்னும் பூர்வகுடி மக்கள். அங்கே அவர் அமைத்த ஊர்தான் பிராவிடன்ஸ். 1660இல் மேரி டயர் என்ற பெண்மணி, குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர் என்பதற்காகவும், நாடு கடத்திய பின்னும் திரும்பி வந்தார் என்பதற்காகவும் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்டவர்களும் வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்களே.

வில்லியம்ஸ் 1644இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், மனச்சாட்சியை வாளால் வளைக்க முயல்வதே பெரும் பாவம் என வாதிட்டார். யூதருக்கும் துருக்கியருக்கும்கூட வழிபாட்டு உரிமை வேண்டும் என்றார். துருக்கியர் என்ற சொல் அக்கால ஐரோப்பியர் முஸ்லிம்கள் அனைவரையும் குறிக்கப் பயன்படுத்தியது. நம் ஊர்களில் ‘துலுக்கர்’ என்று வழங்கிய அதே சொல். அந்த நூலை எரிக்கும்படி இங்கிலாந்து நாடாளுமன்றம் கட்டளையிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லியம்ஸ் மதப்பற்று குறைந்தவர் அல்லர். தேவாலயத்தைத் தோட்டம் என்றும் உலகியல் ஆட்சியைக் காடு என்றும் உருவகித்து, இரண்டுக்கும் நடுவே வேலி வேண்டும் என்றார். காடு உள்ளே புகுந்தால் பாழாவது தோட்டம்தான் என்பது அவருடைய கவலை. இன்று மதச்சார்பின்மை என்றாலே மதத்தின் மீது வெறுப்பு என்று பொருள்கொள்வோர் உண்டு. ஆனால் அமெரிக்க மண்ணில் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர்களுள் முன்னோடி, மார்க்க உணர்வு மிகுந்த ஒரு போதகர்.

நூறாண்டுகள் கழித்து வர்ஜீனியாவில் இதே கதை மீண்டும் நடந்தது. அங்கே ஆங்கிலிக்கன் திருச்சபைதான் அரசின் திருச்சபை. பாப்டிஸ்ட் போதகர்கள் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையிலடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் ஊர்ச் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லாந்து என்பவர் கம்பிகளின் வழியே வெளியே கூடியிருந்தவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். கேட்க வந்தவர்களின் மீது குதிரைகளை ஓட்டிக் கலைத்தார்கள் என்றும், கூட்டத்திலிருந்த கறுப்பின அடிமைகளைச் சவுக்கால் அடித்தார்கள் என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1774இல் இளைஞர் ஜேம்ஸ் மாடிசன் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அண்டை மாவட்டத்தில் ஐந்தாறு போதகர்கள் சிறையில் வாடுவதைக் குறிப்பிட்டு மனம் குமுறுகிறார். பிற்காலத்தில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி எனப் பெயர் பெற்றவர் அவர்தான்.

1784இல் கிறிஸ்தவப் போதகர்களுக்கு ஊதியம் தர மக்களிடம் வரி வசூலிக்கும் மசோதா ஒன்றைப் பேட்ரிக் ஹென்றி ஆதரித்தார். கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும் யோசனை. எல்லாப் பிரிவினருக்கும் பங்கு உண்டு என்றார்கள். மாடிசன் எதிர்த்தார். பிற மதங்களை விலக்கிக் கிறிஸ்தவத்தை நிலைநாட்டும் அதிகாரம் ஓர் அரசுக்கு உண்டென்றால், நாளை பிற பிரிவுகளை விலக்கி ஒரே பிரிவை நிலைநாட்டும் அதிகாரமும் அதற்கு வந்துவிடும் என்று மனு எழுதினார். சிறைப்பட்ட அனுபவம் இருந்த பாப்டிஸ்டுகளுக்கு அது நன்றாகவே விளங்கியது. அவர்களும் திரளாகக் கையெழுத்திட்டு மனுக்கள் அனுப்பினார்கள். மசோதா வீழ்ந்தது. அதன் பின் 1786 ஜனவரியில், தாமஸ் ஜெபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க ஒரு திருத்தம் வந்து தோற்றது. அத்தோல்வியை நினைவுகூர்ந்த ஜெபர்சன், யூதர், கிறிஸ்தவர், முஹம்மதியர், இந்து அனைவரையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவரவே அவை விரும்பியது என்று தம் சுயசரிதையில் பதிந்தார். சட்டம் பயிலும் மாணவராக இருந்தபோதே, 1765இல், குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலைகொடுத்து வாங்கியவர் அவர். 2007இல் நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எல்லிசன் பதவியேற்றபோது கைவைத்தது அந்தப் பிரதியின் மீதுதான்.

இதே ஜெபர்சன் நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால், வரலாற்றுக்கு நாம் செய்யும் துரோகமாகிவிடும்.

1797இல் நடந்ததுதான் நம்மவர் பலர் அறியாத செய்தி. வட ஆப்பிரிக்கக் கரையோரம் சென்ற அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டுக்கொண்டிருந்த காலம். திரிபோலி ஆட்சியாளருடன் அமெரிக்கா ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் 11ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்றும், முஸ்லிம்களின் சட்டத்தின் மீதோ மார்க்கத்தின் மீதோ அதற்குப் பகைமை இல்லை என்றும் கூறுகிறது. செனட் அவையில் அன்று வாக்களித்த அனைவரும் ஒருமனதாக ஏற்றார்கள், குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்டார், செய்தித்தாள்களிலும் வெளிவந்தது. அதன் அரபுப் பிரதியில் அந்த இடத்தில் இப்படியொரு பிரிவே இல்லை என்பது பின்னர் ஆய்வாளர்கள் கண்ட விந்தை. எனினும் செனட் வாசித்து ஏற்றது ஆங்கிலப் பிரதியைத்தான். திரிபோலியுடன் போர் மூண்டு முடிந்த பின் 1805இல் எழுதிய புதிய உடன்படிக்கையில் அந்த வாசகம் விடப்பட்டது.

சிறை சென்ற பாப்டிஸ்டுகளின் கதைக்குத் திரும்புவோம். 1802 புத்தாண்டு நாளில் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் மக்கள் சார்பில் 1,235 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 560 கிலோ எடையுள்ள ஒரே பாலாடைக் கட்டியைக் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு அன்பளித்தார். அடிமைகளின் உழைப்பு இதில் கலக்கவில்லை என்பது அவ்வூராரின் பெருமை. அதே நாளில், கனெடிகட் மாநிலத்தின் டான்பரி ஊர்ப் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய பதில் கடிதத்தில்தான் தேவாலயத்திற்கும் அரசுக்கும் இடையே மதில் என்ற உருவகத்தை ஜெபர்சன் பயன்படுத்தினார். அந்த மதிலைக் கேட்டவர்கள் நாத்திகர் அல்லர். அரசுத் திருச்சபையால் நசுக்கப்பட்ட சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள்.

பின்னர் அவர்களுக்கு என்ன ஆயிற்று? தெற்கு மாநிலங்களில் பாப்டிஸ்டுகள் எண்ணிக்கையில் பெருகினார்கள். வேளாண் முதலாளிகள் தேவாலயத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள். அடிமை முறையைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஒருகாலத்தில் லேலண்ட் எழுதித் தந்த அதே சமூகம், அடிமைகளை உடைமையாகக் கொண்டோரும் மதப் பரப்புநராகலாமா என்ற கேள்வியில் வடக்கத்தியரோடு முறித்துக்கொண்டு, 1845இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற தனி அமைப்பைக் கண்டது. அடிமைத்தனத்துக்குத் துணைநின்றதற்காக அவ்வமைப்பு மன்னிப்புக் கோரியது 1995இல். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. 1861இல் பிரிந்து சென்ற தெற்கு மாநிலங்கள் எழுதிக்கொண்ட அரசமைப்பு, எல்லாம் வல்ல இறைவனின் அருளையும் வழிகாட்டலையும் முகவுரையிலேயே வேண்டியது. இறைவனின் பெயர் இல்லாத பழைய அரசமைப்பைத் துறந்து, இறைவனின் பெயரோடு அவர்கள் காக்க முயன்றது மனிதரை விற்கும் உரிமையை.

இந்த இடத்தில் நம் இமாம்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலீபா மன்ஸூர் அளித்த காழிப் பதவியை மறுத்து இமாம் அபூஹனீஃபா (ரஹ்) சிறை ஏகினார். நிர்ப்பந்தத்தின் பேரில் சொன்ன தலாக் செல்லாது என்று இமாம் மாலிக் (ரஹ்) அறிவித்தபோது, நிர்ப்பந்தமாகப் பெற்ற பைஅத்தும் செல்லாது என்று மக்கள் பொருள்கொள்வார்களே என அஞ்சிய மதீனா ஆளுநர் அவரைச் சாட்டையால் அடித்தார். அதே மாலிக் இமாமின் முவத்தா நூலைப் பேரரசு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க கலீபா முன்வந்தபோது, ஸஹாபாக்களின் கல்வி பல ஊர்களிலும் பரவியுள்ளது, மக்களை அவரவர் வழியில் விட்டுவிடுங்கள் என்று அவர் மறுத்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். தம் நூல் சட்டமாவதை எந்த ஆசிரியர்தான் வேண்டாமென்பார்!

இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் வாழ்வு இன்னும் நுட்பமானது. 833இல் கலீபா மஃமூன் தொடங்கிய மிஹ்னா என்னும் விசாரணையில், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை உலமாக்கள் அனைவரும் ஏற்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. இமாம் மறுத்தார், கலீபா முஃதஸிம் காலத்தில் அடிபட்டார். பின்பு வந்த முதவக்கில் கொள்கையை மாற்றி, இமாமைக் கண்ணியப்படுத்திப் பரிசுகளை அனுப்பினார். சாட்டையடியைவிட அந்தப் பரிசுகளே தமக்குப் பெரிய சோதனை என்று இமாம் கருதியதாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. வர்ஜீனியாவில் சிறையிலிருந்து ஜார்ஜியாவில் செல்வாக்கு வரை பாப்டிஸ்டுகள் நடந்த தூரத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், இமாமின் அச்சம் எவ்வளவு பொருளுடையது என்பது விளங்கும். மார்க்கத்தின் பெயரால் அதிகாரம் வந்தாலே நன்மை என்று நம்மிலும் எண்ணுவோர் இருக்கிறார்கள். அந்த அதிகாரத்தின் சவுக்கு முதலில் விழுந்தது யார் முதுகில் என்பதை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதன்பின் அமெரிக்காவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்நாட்டுப் போரின்போது, அரசமைப்பில் கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கக் கோரிய குழுவினர் 1864இல் லிங்கனைச் சந்தித்தார்கள், முயற்சி பலிக்கவில்லை. சோவியத் ரஷ்யாவுடனான பனிப்போரின் வேகத்தில் 1954இல் கொடி வணக்க உறுதிமொழியில் இறைவனின் பெயர் சேர்ந்தது. 1956இல் இறைவனை நம்புகிறோம் என்பது நாட்டின் குறிக்கோள் வாசகமானது. இவற்றையெல்லாம் நாட்டின் தொடக்கத்திலிருந்தே இருந்தவை என்று நம்புவோர் இன்று அங்கே ஏராளம். 1979இல் ஜெர்ரி பால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் தார்மீகப் பெரும்பான்மை என்ற பெயரில் அரசியல் இயக்கம் கண்டார். பெயரிலேயே பெரும்பான்மை வந்துவிட்டது.

வட கரோலினாவைப் பற்றி ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று அரசமைப்பின் 6ஆம் பிரிவு கூறுகிறது. 1788இல் அதை விவாதிக்க அம்மாநிலப் பேராளர்கள் ஹில்ஸ்பரோவில் கூடியபோது, இதனால் முஹம்மதியரும் பதவிக்கு வந்துவிடுவார்களே என்று சிலருக்கிருந்த அச்சத்தை ஒரு பேராளர் எடுத்துவைத்தார். யாரையேனும் விலக்கத் தொடங்கினால் மதச் சுதந்திரம் என்ற கொள்கையே நிற்காது என்று ஜேம்ஸ் ஐரடெல் விடையளித்தார். மறு ஆண்டு பேயட்வில் ஊரில் கூடிய அவை அரசமைப்பை ஏற்றது.

அந்தப் பேயட்வில் ஊர்ச் சிறைச்சாலையில் 1810இல் ஒரு கைதி இருந்தார். சுவர்களில் கரியால் அரபு எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்த அவர் உமர் இப்னு ஸயீத். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் நெடுங்காலம் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் அடிமையாக விற்கப்பட்டு, கொடிய எசமானிடமிருந்து தப்பி வந்து பிடிபட்டவர். அவரை வாங்கிய குடும்பத்தில் ஒருவர் பின்னர் மாநில ஆளுநரானார். உமர் ஞானஸ்நானம் பெற்றதைக் கிறிஸ்தவ இதழ்கள் பெருமையுடன் எழுதின. 1831இல் தம் வாழ்க்கையை எழுதும்படி கேட்டபோது அவர் அரபியில் எழுதினார். பிஸ்மில்லாஹ்வுடனும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதான ஸலவாத்துடனும் தொடங்கி, தம் கதைக்கு முன்பாக, நினைவிலிருந்து அல்முல்க் அத்தியாயத்தை எழுதினார். ஆட்சி யாருடைய கையில் இருக்கிறது என்று கூறித் தொடங்கும் அத்தியாயம் அது. கையெழுத்துப் பிரதியை 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெற்றுக்கொண்டது. ஜெபர்சனின் குர்ஆன் பிரதியும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது.